தந்தையின் வாவியும் மகனின் நீர்ப்பூங்காவும்

சரிவான மேடையிலிருந்து படகைச் சறுக்கவிட்டு, அது குளத்தில் விழுந்து துள்ளும்போது ஏறியிருப்போர் கூவி மகிழும் விளையாட்டொன்று மேலைநாடுகளில் உண்டு. 1895இல் நியூயோர்க்கின் கோனி தீவில் போல் போய்ட்டன் என்பவர் அவ்விளையாட்டைக் கொண்ட ஒரு பூங்கா திறந்தார். 1902உடன் அது மூடப்பட்டது. கேளிக்கைகளின் ஆயுள் அவ்வளவுதான். எங்கள் மாத்தளை மாவட்டத்திலோ, பதினைந்து நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஓய்வுபெற்றுவிட்ட நீர்க்கேளிக்கைத் தலம் ஒன்று கிடக்கிறது. சிகிரியாவின் நீர்ப்பூங்காவைத்தான் சொல்கிறேன்.

சிகிரியா என்றதும் எல்லோரும் அண்ணாந்தே பார்க்கிறோம். ஓவியப் பெண்கள் மேலே இருக்கிறார்கள் அல்லவா! கண்ணாடிச் சுவரில் பண்டைப் பயணிகள் கீறிச்சென்ற பாடல்களுள் 685ஐப் பரணவிதான 1956இல் நூலாக்கினார். அவற்றுட் பலவும் அப்பெண்களையே பாடுகின்றன. மாணவரை அழைத்துச் செல்லும்போது, குன்றில் ஏறுமுன் நான் அவர்களைக் கீழேயே சிறிதுநேரம் நிறுத்திவைப்பதுண்டு.

அங்கே நீர் சூழ்ந்த தீவும், நீண்ட தடாகங்களும், பலகைக்கல் பாவிய ஆழமற்ற ஓடைகளும் உள்ளன. ஓடைகள் பாம்புபோல நெளிந்து செல்கின்றன. அவற்றின் அருகே வட்டமான சுண்ணக்கற் பலகைகள். அவற்றில் ஒழுங்காகத் துளையிட்டிருக்கிறார்கள். நிலத்தடிக் குழாய்வழி வரும் நீர் பலகையின் கீழுள்ள தொட்டியில் தேங்கி, அமுக்கம் பெற்று, துளைகளால் மேலே பீறிடும். இயந்திரமில்லை; உயரத்து நீர் தாழ்விடம் தேடும் இயல்பு மட்டுமே.

இதைக் கட்டிய காசியப்பன் (கி.பி. 477–495) தந்தையைக் கொன்று அரசேறியவன். உன் செல்வம் எங்கே என்று கேட்கப்பட்ட தாதுசேனன், தான் கட்டிய கலாவாவியின் நீரைக் காட்டி, இதுவே என் செல்வமெல்லாம் என்றானாம். சூளவம்சம் சொல்லும் கதை இது. நீர் என்றால் வயல் என்று எண்ணும் ஊர் எங்கள் பல்லேகம. களு கங்கை நீர்த்தேக்கத்துக்கு இடம்விட்டு நகரமே பெயர்ந்தது. அங்கிருந்து பார்க்கையில் மனம் தந்தையின் பக்கமே சாய்கிறது.

ஆயினும் மகனின் பூங்காவை வெறும் ஆடம்பரமென்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. கலாவாவியிலிருந்து அநுராதபுரத்துக்கு நீர் கொண்டுசென்ற யோத எல, முதற் பகுதியில் மைலுக்கு ஏறக்குறைய 6 அங்குலமே சரிகிறது. அந்த நுண்ணிய மட்டக்கணக்கு அறிந்த கைகளே சிகிரியாவிலும் வேலை செய்திருக்க வேண்டும். அரசன் கொலைகாரன் என்பதற்காகக் கல்தச்சனின் அறிவு குறைந்துவிடுமா? வயலுக்குக் கற்ற வித்தை விளையாட்டுக்கும் பயன்பட்டது, அவ்வளவே.

விளையாட்டு நீடிக்கவில்லை. பதினெட்டு ஆண்டுகளில் இளவல் முகலன் இந்தியாவிலிருந்து படையுடன் வந்தான். போரில் தோற்ற காசியப்பன் தன்னையே மாய்த்துக்கொண்டான். தலைநகர் அநுராதபுரத்துக்குத் திரும்பியது. சிகிரியா பிக்குகளின் இருப்பிடமாயிற்று. பின்னர் காடு மூடியது. 1982இல் உலக மரபுரிமைத் தலமான பின்பு கலாசார முக்கோணத் திட்டத்தில் தடாகங்கள் பலவற்றைத் தோண்டி எடுத்தார்கள்.

மாரியில் நல்ல மழை பெய்தால் அந்தக் கற்பலகைத் துளைகளிலிருந்து இன்றும் நீர் எழும்புகிறது.