நரேன் கார்த்திகேயன்

நரேன் கார்த்திகேயன் (பிறப்பு: ஜனவரி 14, 1977) தமிழ்நாட்டைச் சேர்ந்த தானுந்துப் பந்தய ஓட்டுநர் ஆவார். பார்முலா 1 பந்தயங்களில் போட்டியிட்ட முதல் இந்தியர் இவரே. 2010-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நாஸ்கார் அமைப்பு நடத்தும் ஸ்டாக் கார் வகைப் பந்தயத் தொடரில் கலந்துகொண்டு, நாஸ்கார் பந்தயத்தில் ஓட்டிய, இந்தியாவில் பிறந்த முதல் ஓட்டுநர் என்ற சிறப்பையும் பெற்றார். அதே ஆண்டில் இந்திய அரசு இவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது.

ஒற்றை இருக்கைப் பந்தய ஊர்திகள், ஸ்டாக் கார், நெடுந்தொலைவுப் பந்தய ஊர்திகள் எனப் பல வகைகளிலும் இவர் ஓட்டியுள்ளார். இவர் எந்த ஆண்டில் எந்த ஊர்தியை ஓட்டுவது என்பதை வேகத்துடன் விளம்பர ஆதரவும் சேர்ந்தே தீர்மானித்தது.

குடும்பமும் இளமையும்

நரேன் கோயம்புத்தூரில் பந்தய ஆர்வம் மிக்க குடும்பத்தில் வளர்ந்தார். தந்தை ஜி. ஆர். கார்த்திகேயன் தேசிய ராலி வாகையாளர். தென்னிந்திய ராலியில் ஏழு முறை வென்றவர். இந்தியப் பந்தயத் துறையின் முன்னோடிகளுள் ஒருவரான சு. கரிவரதன் இவரது உறவினர். மாருதி சிற்றுந்தின் பொறியைக் கொண்டு குறைந்த செலவில் ஒற்றை இருக்கைப் பந்தய ஊர்திகளை உருவாக்கியவர் கரிவரதன். பார்முலா மாருதி எனப்பட்ட அவ்வூர்திகளில்தான் அக்கால இந்திய இளைஞர் பலர் பந்தயம் பழகினர். 1995-ஆம் ஆண்டு வானூர்தி விபத்தில் கரிவரதன் இறந்தார். கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நரேனும் முதலில் ஓட்டியது பார்முலா மாருதியே. திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள தடத்தில் தன் முதல் பந்தயத்தை ஓட்டினார். 1992-இல் பிரான்சு நாட்டின் எல்ஃப் வின்ஃபீல்டு பந்தயப் பள்ளியில் பயின்று, அங்கு நடந்த தேர்வுப் போட்டியில் அரையிறுதி வரை முன்னேறினார்.

இங்கிலாந்தும் ஆசியாவும் (1993–2000)

1993-இல் இங்கிலாந்து சென்று பார்முலா வாக்ஸால் இளையோர் தொடரில் ஓட்டினார். 1994-இல் பிரித்தானிய பார்முலா போர்டு குளிர்காலத் தொடரை வென்றார். ஐரோப்பாவில் வாகையர் பட்டம் வென்ற முதல் இந்தியர் இவரே. பின்னர் ஆசியாவுக்குத் திரும்பி, 1996-இல் பார்முலா ஆசியா தொடரின் வாகையாளரானார். இந்தப் பட்டத்தை வென்ற முதல் இந்தியரும் இவர்தான்.

1998 முதல் பிரித்தானிய பார்முலா 3 தொடரில் போட்டியிட்டார். பார்முலா 1-க்குச் செல்ல விரும்பும் இளைஞர்களுக்கு அக்காலத்தில் இதுவே முதன்மையான படிக்கட்டாக இருந்தது. முதல் ஆண்டில் 12-ஆம் இடம், 1999-இல் இரு வெற்றிகளுடன் 6-ஆம் இடம், 2000-இல் 4-ஆம் இடம் என ஆண்டுதோறும் முன்னேறினார். 2000-ஆம் ஆண்டில் கொரிய சூப்பர் பிரீ பந்தயத்தையும் வென்றார்.

பார்முலா 1-ஐ நோக்கி (2001–2004)

ஜூன் 14, 2001 அன்று இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் தடத்தில் ஜாகுவார் அணியின் ஊர்தியைச் சோதனையோட்டம் ஓட்டினார். பார்முலா 1 ஊர்தியை இந்தியர் ஒருவர் ஓட்டியது அதுவே முதல் முறை. அதே ஆண்டில் ஜோர்டான் அணிக்காகவும் சோதனை ஓட்டினார்.

சோதனை ஓட்டத்துக்கும் நிலையான இடத்துக்கும் நடுவே மூன்று ஆண்டுகள் கடந்தன. அக்காலத்தில் வளம் குறைந்த சிறிய அணிகள், தம் ஓட்டுநர்கள் விளம்பர நிறுவனங்களின் பணத்தையும் உடன் கொண்டுவர வேண்டும் என எதிர்பார்த்தன. 2004-ஆம் ஆண்டுக்கு மினார்டி அணியில் இடம் கிடைக்கும் வாய்ப்பு உருவான போதும், தேவைப்பட்ட தொகையைத் திரட்ட இயலாததால் அது கைகூடவில்லை. இந்தக் காலத்தில் நிசான் உலகத் தொடரில் ஓட்டிய நரேன், 2003-இல் நான்காம் இடம் பெற்றார். 2004-இல் எசுப்பானியாவின் வலென்சியாவிலும் பிரான்சின் மான்யி-கூரிலும் வென்றார்.

ஜோர்டான் அணி (2005)

பிப்ரவரி 1, 2005 அன்று ஜோர்டான் அணியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டதாக நரேன் அறிவித்தார். டாட்டா குழுமமும் பாரத் பெட்ரோலியமும் இவருக்கு ஆதரவளித்தன. போர்த்துகலின் தியாகோ மோன்தெய்ரோ இவரது அணித் தோழர். மார்ச் 6, 2005 அன்று மெல்பர்னில் நடந்த ஆத்திரேலிய கிராண்ட் பிரீயில் 12-ஆம் இடத்திலிருந்து தொடங்கி 15-ஆவதாக முடித்தார். மலேசியாவில் 11-ஆம் இடம் பெற்றார்.

இண்டியானாபொலிஸ் பந்தயம்

ஜூன் 19, 2005 அன்று இண்டியானாபொலிஸில் நடந்த அமெரிக்க கிராண்ட் பிரீ, பார்முலா 1 வரலாற்றின் மிகவும் சர்ச்சைக்குரிய பந்தயங்களுள் ஒன்று. அத்தடத்தின் 13-ஆம் வளைவு, ஸ்டாக் கார் முதலிய பந்தயங்களுக்குப் பயன்படும் நீள்வட்டத் தடத்தின் சாய்வான பகுதியைப் பகிர்ந்துகொள்வது. பயிற்சியின் போது அவ்வளைவில் மிசெலின் நிறுவனத்தின் வட்டகை ஒன்று பழுதுற்று ரால்ஃப் சூமாக்கரின் ஊர்தி மோதியது. தன் வட்டகைகள் பந்தயம் முழுவதும் தாங்கும் என உறுதி கூற மிசெலினால் இயலவில்லை. அவ்வாண்டின் விதிகளின்படி பந்தயத்தின் நடுவே வட்டகைகளை வழக்கம்போல் மாற்றவும் முடியாது. எனவே மிசெலின் வட்டகை பொருத்திய 14 ஊர்திகளும் முன்னோட்டச் சுற்றை முடித்தவுடன் விலகிக்கொண்டன.

பிரிட்ஜ்ஸ்டோன் வட்டகை பயன்படுத்திய பெராரி, ஜோர்டான், மினார்டி ஆகிய மூன்று அணிகளின் ஆறு ஊர்திகள் மட்டும் 73 சுற்றுகள் ஓடின. மைக்கேல் சூமாக்கர் முதலிடமும், ரூபன்ஸ் பாரிச்செல்லோ இரண்டாம் இடமும், மோன்தெய்ரோ மூன்றாம் இடமும் பெற்றனர். நான்காவதாக வந்த நரேனுக்கு 5 புள்ளிகள் கிடைத்தன. இந்திய ஓட்டுநர் ஒருவர் பார்முலா 1-இல் பெற்றுள்ள புள்ளிகள் இவை மட்டுமே. ஆறு ஊர்திகள் மட்டும் ஓடிய பந்தயம் என்பதால் இதன் மதிப்பைக் குறைத்துக் கூறுவோர் உண்டு. எனினும் அன்று ஜோர்டான் ஊர்திகள் இரண்டும் மினார்டி ஊர்திகளை முந்தியே வந்தன.

அவ்வாண்டின் இறுதிப் பந்தயமான சீன கிராண்ட் பிரீயில் நரேனின் ஊர்தி வேகமாக மோதிச் சிதைந்தது. இவர் பெரிய காயமின்றித் தப்பினார். ஜோர்டான் அணியும் அத்துடன் அப்பெயரில் ஓடுவதை நிறுத்தியது. நரேன் அவ்வாண்டை 18-ஆம் இடத்தில் முடித்தார்.

வில்லியம்ஸ், ஏ1 கிராண்ட் பிரீ, லெ மான் (2006–2009)

2006, 2007 ஆண்டுகளில் வில்லியம்ஸ் அணியின் சோதனை ஓட்டுநராகப் பணியாற்றினார். நாடுகளுக்கு இடையிலான ஏ1 கிராண்ட் பிரீ தொடரில் இந்திய அணிக்காக ஓட்டி, டிசம்பர் 2007-இல் சீனாவின் சூஹாயில் வென்றார். அத்தொடரில் இந்திய அணியின் முதல் வெற்றி அது. 2008-இல் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹேட்ச் தடத்திலும் வென்றார்.

2009-இல் பிரான்சின் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்துக்கு ஆடி ஊர்தியில் மூவர் அணியில் ஒருவராகச் சென்றார். பந்தயம் தொடங்குவதற்குச் சற்று முன்னர் நிறுத்தகத்தின் சுவரிலிருந்து குதித்தபோது தோள்மூட்டு விலகியதால் இவரால் ஓட்ட இயலவில்லை. எஞ்சிய இருவரும் மாறி மாறி ஓட்டி ஏழாம் இடம் பெற்றனர்.

நாஸ்கார் (2010)

தொடக்கத்தில் கடையில் விற்கப்பட்ட தானுந்தை அப்படியே பந்தயத்துக்குக் கொண்டுவந்ததால் ஸ்டாக் கார் என்ற பெயர் வந்தது. அமெரிக்காவில் மதுவிலக்குக் காலத்திலும் அதன் பின்னரும், கள்ளச் சாராயம் கடத்தியோர் காவலரிடமிருந்து தப்புவதற்காகத் தம் வண்டிகளை விரைவுபடுத்தினர். தென் மாநிலங்களில் அவ்வண்டிகளை ஒன்றோடொன்று ஓட்டிப் பார்த்த பழக்கம் இப்பந்தயத்தின் வேர்களுள் ஒன்று. 1948-இல் நிறுவப்பட்ட நாஸ்கார் இதனை முறைப்படுத்தியது. காலப்போக்கில் ஊர்திகளின் வெளித்தோற்றம் மட்டுமே விற்பனை வண்டியை ஒத்திருக்க, உள்ளே எஃகுக் குழாய்ச் சட்டமும் எட்டு உருளைப் பொறியும் கொண்ட தனிப் பந்தய ஊர்திகளாக அவை மாறின. 1995-இல் தொடங்கப்பட்ட டிரக் தொடரில், பின்புறம் சரக்குத் தட்டு உள்ள பிக்-அப் வண்டியின் வடிவில் ஊர்திகள் அமைகின்றன.

2010-இல் நரேன் வைலர் பந்தய அணியின் 60-ஆம் எண் டொயோட்டா டிரக்கை ஓட்டினார். பார்முலா ஊர்திக்கும் இதற்கும் இடையேயான வேறுபாடு பெரிது. அவ்வாண்டு பார்முலா 1 ஊர்தியின் குறைந்தபட்ச எடை ஓட்டுநருடன் சேர்த்து 620 கிலோகிராம். டிரக்கின் எடையோ ஏறத்தாழ 1,500 கிலோகிராம். பார்முலா ஊர்தியின் இறகுகள் காற்றின் விசையால் ஊர்தியைத் தரையோடு அழுத்துகின்றன. டிரக்கில் அந்த அழுத்தம் மிகக் குறைவு. எனவே வளைவில் பின்சக்கரங்கள் வழுக்குவதை ஓட்டுநர் கையாலும் காலாலும் அடக்க வேண்டும். நீள்வட்டத் தடங்களில் இடப்புறம் மட்டுமே திரும்ப வேண்டியிருப்பினும், ஊர்திகள் உரசிக்கொண்டே ஓடுவதால் இடம் பிடிப்பது கடினம்.

மார்ச் 27, 2010 அன்று வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில் தடத்தில் முதல் பந்தயத்தை ஓட்டினார். சுமார் 850 மீட்டர் நீளமே உள்ள இத்தடம், தாளைக் கோக்கும் கவ்வியைப் போன்ற வடிவம் கொண்டது: இரு நீண்ட நேர்ப்பகுதிகள், இரு குறுகிய வளைவுகள். ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை கடுமையாகத் தடையிட வேண்டும். அத்தகைய 250 சுற்றுகள் கொண்ட பந்தயத்தில் நரேன் 13-ஆவதாக முடித்தார்.

அவ்வாண்டில் மொத்தம் ஒன்பது பந்தயங்களில் ஓட்டினார். முதல் பத்து இடங்களுக்குள் வரவில்லை. ஆயினும் இரசிகர்களின் வாக்களிப்பில் டிரக் தொடரின் மிகவும் விரும்பப்படும் ஓட்டுநராக இவரே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

எச்.ஆர்.டி அணி (2011–2012)

2011-இல் எசுப்பானியாவின் எச்.ஆர்.டி அணி மூலம் பார்முலா 1-க்குத் திரும்பினார். ஆறாண்டு இடைவெளிக்குப் பின் கிடைத்த இவ்விடம், களத்தின் மிக மெதுவான ஊர்திகளுள் ஒன்றில் அமைந்தது. அவ்வாண்டில் 107 விழுக்காடு விதி மீண்டும் நடைமுறைக்கு வந்தது. அதாவது, முதல் தகுதிச்சுற்றின் மிக விரைவான நேரம் 100 நொடி எனில், மற்றவர்கள் 107 நொடிக்குள் சுற்றை முடிக்க வேண்டும். ஆத்திரேலியாவில் அணியின் இரு ஊர்திகளாலும் இதனை எட்ட இயலவில்லை. வலென்சியாவில் நடந்த ஐரோப்பிய கிராண்ட் பிரீயில் தொடங்கிய 24 ஊர்திகளும் ஓடி முடித்தன. நரேன் 24-ஆவதாக வந்தார். அடுத்த பந்தயம் முதல் இவரது இடம் டேனியல் ரிக்கியார்டோவுக்கு அளிக்கப்பட்டது.

அக்டோபர் 30, 2011 அன்று கிரேட்டர் நொய்டாவின் 5.125 கிலோமீட்டர் நீளமுள்ள புத்தா பன்னாட்டுத் தடத்தில் முதல் இந்திய கிராண்ட் பிரீ நடைபெற்றது. அதற்காக அணி நரேனை மீண்டும் அழைத்தது. சொந்த நாட்டுப் பந்தயத்தில் 17-ஆவதாக முடித்த இவர், தன் இடத்தைப் பெற்றிருந்த ரிக்கியார்டோவை முந்தி வந்தார்.

2012-இல் முழு ஆண்டுக்கும் அணியில் இருந்தார். மழையில் நடந்த மலேசியப் பந்தயம் இடைநிறுத்தப்பட்டபோது, ஈரத்தட வட்டகைகளுடன் தொடங்கியிருந்த நரேன் 10-ஆம் இடத்தில் இருந்தார். பின்னர் அப்பந்தயத்தில் செபாஸ்டியன் வெட்டலின் வட்டகை நரேனின் ஊர்தியில் உரசிக் கிழிந்தது. வெட்டல் இவரைக் கடுமையாகச் சாடினார். நடுவர்கள் நரேனுக்கு 20 நொடி தண்டனை விதித்தனர். மொனாக்கோவில் 15-ஆம் இடம் பெற்றார். 2012 இறுதியில் அணி மூடப்பட்டதுடன் இவரது பார்முலா 1 வாழ்வும் முடிவுற்றது.

ஜப்பானில் (2014–2019)

2013-இல் ஆட்டோ ஜிபி தொடரில் வெற்றிகள் பெற்ற பின், 2014 முதல் ஜப்பானின் சூப்பர் பார்முலா தொடரில் ஓட்டினார். 2019-இல் சூப்பர் ஜிடி தொடரில் நகாஜிமா அணியின் ஹோண்டா ஊர்திக்கு மாறினார். அவ்வாண்டு நவம்பரில், ஜப்பானிய, ஜெர்மானியத் தொடர்களின் ஊர்திகள் ஒன்றாகக் களமிறங்கிய சிறப்புப் பந்தயங்கள் ஃபூஜி தடத்தில் நடந்தன. அவற்றுள் இரண்டாவதை 42 வயதான நரேன் வென்றார். 2021-இல் ஆசிய லெ மான் தொடரில், அர்ஜுன் மைனி, நவீன் ராவ் ஆகியோருடன் இந்திய அணிக்காக ஓட்டினார்.

இந்தியப் பந்தயத்துறையில் தாக்கம்

நரேன் தொடங்கிய காலத்தில் இந்தியாவில் பார்முலா மாருதிக்கு மேல் செல்ல விரும்பியவர் வெளிநாடு செல்வதைத் தவிர வேறு வழியில்லை. இந்தியாவில் பயிற்சி வாய்ப்பை விரிவாக்கும் நோக்கில் நரேன் பின்னர் கோயம்புத்தூரில் பந்தயப் பயிற்சிக் கழகத்தைத் தொடங்கினார். இவருக்குப் பின் 2010-இல் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் பார்முலா 1-இல் ஓட்டினார். இவ்விருவரைத் தவிர வேறு இந்தியர் எவரும் இதுவரை பார்முலா 1 பந்தயத்தில் ஓட்டியதில்லை.

முதன்மைகள்

- ஐரோப்பாவில் வாகையர் பட்டம் வென்ற முதல் இந்தியர் (1994)
- பார்முலா ஆசியா வாகையாளரான முதல் இந்தியர் (1996)
- பார்முலா 1 ஊர்தியை ஓட்டிய முதல் இந்தியர் (2001)
- பார்முலா 1 பந்தயத்தில் போட்டியிட்ட முதல் இந்தியர், புள்ளிகள் பெற்ற ஒரே இந்தியர் (2005)
- நாஸ்கார் பந்தயத்தில் ஓட்டிய, இந்தியாவில் பிறந்த முதல் ஓட்டுநர் (2010)
- இந்திய கிராண்ட் பிரீயில் ஓட்டிய ஒரே இந்தியர் (2011, 2012)