3.80 தந்த நிம்மதி

நாணய மதிப்பு சரிந்தால் ஏற்றுமதி பெருகும் என்பார்கள். 1997-98 நிதி நெருக்கடி நமக்குக் காட்டியதோ வேறு.

1997 ஜூலையில் ஓர் அமெரிக்க டாலருக்குச் சுமார் 2.50 ரிங்கிட். 1998 ஜனவரியில் 4.88 வரை போனது. செம்பனை எண்ணெய்க்கு நல்ல விலை கிடைத்தது உண்மை. ஆனால், மின்னணுத் தொழிற்சாலைகள் உதிரிப் பாகங்களை டாலர் கொடுத்து வாங்கின. கோதுமை, மருந்து இறக்குமதிச் செலவும் ஏறியது. அண்டை நாடுகளும் நொடித்துக் கிடந்தன. அவ்வாண்டு நம் ஏற்றுமதி டாலர் கணக்கில் குறையவே செய்தது.

இன்று பேசிய விலை, சரக்கு கப்பலேறும் நாளில் கட்டுப்படியாகுமா? வணிகர்களுக்கு அதுவே கவலை.

1998 செப்டம்பர் 2-இல் அரசாங்கம் விகிதத்தை 3.80 என நிலைப்படுத்தியது. 2005 ஜூலை 21 வரை அது நீடித்தது. அதனுடன் வந்த மூலதனக் கட்டுப்பாடு பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. எனினும் ஒன்று தெளிவு: வாணிபத்திற்கு மலிவான நாணயத்தைவிட நம்பகமான நாணயமே முக்கியம்.