ஏடும் கல்வெட்டும் எவர் காவலில்? சேதுக்கரை நாட்டை முன்னிட்டு ஒரு வரலாற்று நோக்கு

பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை அருளிச்செய்த வியாக்கியானத்தின் பெரும்பகுதி செல்லரித்துப் போக, அந்த அளவுக்கு மணவாள மாமுனிகள் வியாக்கியானம் இட்டருளினார் என்பது ஸம்ப்ரதாயத்தில் பிரசித்தம். ஈடு முப்பத்தாறாயிரமோ, நம்பிள்ளையால் ஈயுண்ணி மாதவப் பெருமாளிடம் ஒப்படைக்கப்பட்டு, ஓராண் வழியாய்க் காக்கப்பட்டு, திருவாய்மொழிப் பிள்ளை மூலம் மாமுனிகளை எய்திய பின்னரே திருவரங்கத்தில் எல்லோர்க்கும் வெளிச்சமாயிற்று. ஒரு நூலைக் காப்பவர் எவர், அது சென்று சேர வேண்டியவர் எவர் என்னும் இவ்விரு வினாக்களும் பூர்வாசார்யர்கள் காலத்திலேயே எழுந்தவை என்பது இதனால் விளங்கும்.

அரசு இக்காவலை ஏற்கத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். காலின் மெக்கன்சி முதலியோர் திரட்டிய சுவடிகளை அடிப்படையாகக் கொண்டு சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் அமைந்தது. தஞ்சை அரண்மனையின் ஸரஸ்வதி மஹால் 1918இல் பொதுமக்கள் நூலகமாயிற்று. அச்சுவடிகள் பிறந்த மண்ணிலேயே தங்கின. ஆராய்வோர் தஞ்சைக்கு வந்தனர்.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டம் இப்பொறுப்பைப் பகுத்தது. கல்கத்தா தேசிய நூலகம், இந்திய அருங்காட்சியகம் போன்றவையும், நாடாளுமன்றம் தேசிய முக்கியத்துவம் உடையவையென அறிவிப்பனவும் ஒன்றியப் பட்டியலின் 62ஆம் இனத்தில் அடங்கும். மாநிலத்தின் ஆட்சியிலோ பொருளுதவியிலோ நடக்கும் நூலகங்களும் அருங்காட்சியகங்களும் மாநிலப் பட்டியலின் 12ஆம் இனத்தைச் சாரும். இதற்கு முன்பே, எஸ். ஆர். ரங்கநாதனின் முயற்சியால், 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. அதன்படி நூலகங்களை நடத்தும் பொறுப்பு மாவட்ட அளவிலான நூலக ஆணைக்குழுக்களுக்கு உரியது. வீட்டு வரியோடு சேர்த்து உள்ளாட்சி மன்றங்கள் வாங்கும் நூலக வரியே அவற்றுக்கு ஜீவனம். கடலாடி வட்டத்துக் கடற்கரைச் சிற்றூராகிய மாரியூரில் ஓட்டு வீட்டுக்கு வரி கட்டும் மீனவரும் இவ்வகையில் நூலகத்தைத் தாங்குபவரே.

மாரியூர் பூவேந்தியநாதர் கோயிலால் அறியப்பட்ட ஊர். அதற்கு வடகிழக்கே, திருமங்கையாழ்வார் பெரிய திருமொழி ஒன்பதாம் பத்தில் இரண்டு திருமொழிகளால் மங்களாசாஸனம் செய்த திருப்புல்லாணி உள்ளது. இக்கடற்கரையில் இருவகைக் காவலையும் அருகருகே காணலாம். இராமாயண, பாகவதக் காட்சிகள் தீட்டப்பெற்ற இராமலிங்க விலாசம் மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. வைகை முகத்துவாரத்து அழகன்குளத்தில் ரோமானியக் காசுகளையும் தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளையும் அகழ்ந்தெடுத்ததும் அத்துறையே. இராமேசுவரத்துப் பேய்க்கரும்பில் 2017இல் திறக்கப்பட்ட அப்துல் கலாம் நினைவகத்தை எழுப்பியதோ ஒன்றிய அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம்.

இவ்விரு காவலுக்கும் இடையிலான இழுபறி மிகத் தெளிவாகத் தெரிந்தது கல்வெட்டு மைப்படிகளின் விஷயத்தில். 1886இல் ஹுல்ட்ஷ் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக அமர்ந்தபின், கோயில் கோயிலாகச் சென்று கற்களின்மேல் தாளை ஒற்றிப் படியெடுக்கும் பணி முறையாக நடந்தது. அப்படிகள் உதகமண்டலத்தில் இருந்து, 1966இல் மைசூருக்குச் சென்றன. படித்துப் பதிப்பிக்கப்படாதவை பல. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளை ஆறு மாதங்களுக்குள் சென்னைக்குக் கொணருமாறு 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது.

இது வைஷ்ணவர்களுக்குப் புறம்பான வழக்கு அன்று. முதலாம் இராஜேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு, வேத பாடசாலையோடு திருவாய்மொழி விண்ணப்பம் செய்வார்க்கும் நிவந்தம் அளித்ததைக் கூறுகிறது. எம்பெருமானாரின் தர்சன நிர்வாஹத்துக்கு முன்னரே அருளிச்செயல் சந்நிதிகளில் ஓதப்பட்டதற்கு அது கல்லில் நிற்கும் சாட்சி. அது படியெடுக்கப்பட்டு அறிக்கையில் வெளிவந்ததனால்தான் ஆராய்ச்சியாளர் அதை அறிந்தனர். படிக்கப்படாத படிகளில் இத்தகைய சாட்சிகள் இல்லையென்று எவரும் துணிய முடியாது.

மைய ஆட்சியை வேண்டுவோர் பக்கத்திலும் நியாயம் உண்டு. படியெடுக்கும் முறை ஒரே சீராக அமைந்ததும், ஓர் ஊரின் சாசனத்தை வேற்று மொழிச் சாசனத்தோடு ஒப்புநோக்க முடிந்ததும் தனி நிறுவனம் ஒன்று இருந்தமையால்தான். ஊராட்சி மட்டும் காவலாயிருந்தால், சிதலுக்கு இரையான ஏடுகளின் கதை மீண்டும் நிகழ்ந்திருக்கலாம். ஆயினும் மொழியறிந்த வாசகரிடமிருந்து விலகிய நூல் அழியாதிருந்தும் பயன்படாது.

ஆகவே வழக்கின் தீர்வு, ஒருவரை நீக்கி மற்றவரை அமர்த்துவதில் இல்லை. 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டம், அச்சாகும் ஒவ்வொரு நூலையும் கல்கத்தாவுக்கும் சென்னைக் கன்னிமாராவுக்கும் அனுப்பப் பணிக்கிறது. கன்னிமாரா மாநில மைய நூலகமாயிருந்தே தேசியக் கடமையையும் ஆற்றுகிறது. மூலம் ஊரில், படி மையத்தில், இரண்டும் எல்லோர்க்கும் திறந்தவை என்னும் இம்முறை சுவடிக்கும் சாசனத்துக்கும் பொருந்தும். ஓராண் வழியாய்க் காக்கப்பட்ட ஈடு, ஆசையுடையோர்க்கெல்லாம் என்று திறக்கப்பட்ட நாளிலேதான் தன் பயனைப் பெற்றது.