முப்பத்தாறாவது அறையின் சாவி

1996 கோடை விடுமுறை. திண்டுக்கல்லில் மாமா வீட்டில் அன்று ராத்திரி டெக் எடுத்திருந்தார்கள். டெக் எடுப்பது என்றால் இன்றைய தம்பி தங்கைகளுக்குப் புரியாமல் போகலாம். வி.சி.ஆர். பெட்டியும் கூட மூன்று கேசட்டும் ஒரு ராத்திரி வாடகைக்கு வரும், விடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அத்தைக்கு ஒரு சாமி படம், எல்லோருக்குமாக ஒரு ரஜினி படம். மூன்றாவது கேசட்டில் பேனாவால் ‘கராத்தே படம்’ என்று மட்டும் எழுதி ஒட்டியிருந்தது.

அந்தப் படத்தைப் போடும்போது மணி இரண்டு இருக்கும். அத்தை தூங்கிப் போயிருந்தார். முழித்திருந்தது நானும் மாமாவும்தான். ஒரு மொட்டைத்தலை ஆள் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டித் தண்ணீர் வாளி தூக்கிக்கொண்டு மேலே ஏறுகிறான். கை தாழ்ந்தால் விலாவில் குத்தும்படி புஜத்தில் கத்தி கட்டியிருக்கிறார்கள். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா சொன்னார்: “இதான் மாப்ள தொழில் கத்துக்கிறது. பட்டறைல எனக்கு ஒரு வருசம் அரத்த மட்டுந்தான் குடுத்தாக. சாவிக்குப் பல்லு வெட்டவே விடல.”

மாமா பூட்டுத் தொழிலாளி. எங்கள் ஊரைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அதற்கு மேல் அறிமுகம் தேவையில்லை.

அந்தப் படத்தின் பெயர் எனக்குத் தெரிய வந்தது பல வருடங்கள் கழித்து, இன்ஜினியரிங் படிக்கும்போது. ‘தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்’. ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் தயாரிப்பு, 1978. இயக்கியவர் லாவ் கார்-லியுங். சினிமாவுக்காக அவசரமாகச் சண்டை கற்றுக்கொண்டவர் அல்ல. தெற்குச் சீனத்தின் புகழ்பெற்ற ஆசான் வோங் ஃபெய்-ஹுங். அவரிடம் கற்றவர் லாம் சாய்-விங். அவரிடம் கற்றவர் லாவின் அப்பா. அந்த வரிசையில் வந்தவருக்குச் சண்டையைவிட, சண்டை எப்படிக் கைமாறுகிறது என்பதில்தான் அக்கறை.

கதை எளிமையானது. மஞ்சூ ஆட்சிக்கு எதிரான ரகசிய வேலையில் தன் வட்டத்தைப் பறிகொடுத்த ஒரு மாணவன், அடிபட்டு ஷாவோலின் மடத்துக்குத் தப்பி வருகிறான். கார்டன் லியு நடித்த அந்தப் பையன்தான் பிறகு சான் தே என்ற துறவியாகிறான். மடத்தில் 35 அறைகள். ஆர்வக்கோளாறில் உச்சியில் உள்ள அறைக்கே முதலில் போய், ஒன்றும் விளங்காமல் தூக்கியெறியப்படுகிறான். அப்புறம் அடியிலிருந்து ஆரம்பம். தண்ணீரில் மிதக்கும் கட்டைகளில் கால் வைத்துத் தாண்டினால்தான் சாப்பாடு. பிறகு புஜம், மணிக்கட்டு, கண், தலை என்று உறுப்பு உறுப்பாகப் பாடம். பழிவாங்கும் படம்தான். ஆனால் அதன் நடுப்பகுதி முழுக்க ஒருவன் கற்றுக்கொள்வதை மட்டுமே காட்டுகிறது. சலிப்பதே இல்லை.

எல்லா அறைகளையும் முடித்தவனிடம் எந்த அறைக்குப் பொறுப்பேற்கிறாய் என்று கேட்கிறார்கள். அவன் புதிதாக முப்பத்தாறாவது அறை ஒன்று வேண்டும் என்கிறான். மடத்துக்கு வெளியே இருக்கும் சாதாரண ஜனங்களுக்குச் சொல்லித்தர. வித்தை மதிலைத் தாண்டக் கூடாது என்பது மடத்தின் விதி. விதியை மீறிய தண்டனை போல அவனை வெளியே அனுப்புகிறார்கள். உண்மையில் அது அனுமதி.

தமிழ்நாட்டுக்கு இந்தப் படம் கேசட்டுக்கு முன்பே வேறு வேஷத்தில் வந்துவிட்டது. 1983 பொங்கலுக்கு வெளியான ஏ.வி.எம்.மின் ‘பாயும் புலி’, எஸ்.பி. முத்துராமன் இயக்கம், ரஜினி. உடன்பிறந்தவளை இழந்தவன் அடிவாங்கி, ஆசானிடம் போய்ச் சண்டை கற்றுத் திரும்பும் அந்தப் படத்துக்கு ஷாவோலின் படம்தான் தூண்டுதல். ஒரு வித்தியாசம் உண்டு. நம்ம படத்தில் நாயகன் கற்றது வில்லனை அடிப்பதற்கு. கணக்கு தீர்ந்ததும் படம் முடிகிறது. அங்கே பழி தீர்ந்த பிறகும் வேலை பாக்கி இருக்கிறது. முப்பத்தாறாவது அறையை நாம் கொண்டுவரவில்லை.

இனி கேசட் கதை. அன்று மாமா வீட்டில் பார்த்தது நிச்சயமாகத் திருட்டு கேசட். தியேட்டர்களைக் காப்பாற்ற, வீடியோவில் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்தி 1984-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தாயிற்று. ஆனால் ஷா பிரதர்ஸ் படங்களில் பெரும்பாலானவற்றைப் பல வருடங்கள் ஒழுங்கான வீட்டு வீடியோவாக உலகத்தில் எங்குமே வாங்க முடியாது. நெகட்டிவ்கள் கம்பெனியின் கிடங்கில் பூட்டிக் கிடந்தன. வெளியே சுற்றியதெல்லாம் நகலின் நகல்.

அந்த நகலில் நாங்கள் எதைப் பார்த்தோம் என்று பின்னாளில் கணக்குப் போட்டேன், தொழில் புத்தி. படம் எடுக்கப்பட்டது ஷாஸ்கோப் அகலத்திரையில்: உயரம் 1 என்றால் அகலம் 2.35. டிவியின் அகலம் 1.33. திரையை நிரப்புவதற்காக ஓரங்களை வெட்டினால் மிஞ்சுவது சுமார் 57 சதவீதம், போனது 43. ஒரு சண்டையில் ஒருவன் இடது ஓரம், இன்னொருவன் வலது ஓரம் என்றால், டிவியில் ஒருவன் காற்றோடு சண்டை போடுவான். இன்னொன்று: சினிமா நொடிக்கு 24 சட்டகம், நம் நாட்டு பால் முறை டிவி நொடிக்கு 25. அப்படியே மாற்றினால் 115 நிமிடப் படம் 110 நிமிடத்தில் முடிந்துவிடும். குங்ஃபூக்காரர்களின் வேகத்தைப் பார்த்து நாங்கள் வாய் பிளந்ததில் ஒரு நாலு சதவீதம் டெக்கின் கைங்கரியமாகவும் இருந்திருக்கலாம்.

கிடங்கின் பூட்டைத் திறந்தது யார் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 2000-இல் ஷா படங்கள் 760 வரை மொத்தமாகக் கைமாறின. வாங்கியது செலஸ்டியல் பிக்சர்ஸ். அதன் பின்னால் இருந்த முதலாளி மலேசியாவின் ஆனந்த கிருஷ்ணன்: கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்த, இலங்கைத் தமிழ் வம்சாவளிக்காரர், 2024-இல் காலமானார். சீனக் குங்ஃபூ சினிமாவின் களஞ்சியச் சாவி ஒரு தமிழர் கையில் இருந்தது. 7ஆம் அறிவு பார்த்துவிட்டு “குங்ஃபூவே நம்மளுதுதான்” என்று சண்டை போட்ட என் ஹாஸ்டல் தோழர்கள் ஒருவருக்கும் இது தெரியாது.

அந்தச் சண்டையையும் இங்கேயே முடித்துவிடலாம். போதிதர்மர் தென்னிந்தியர் என்று சொல்லும் பழைய சீன நூல்கள் உண்டு. பாரசீகர் என்று சொல்லும் ஆறாம் நூற்றாண்டு நூலும் உண்டு. ஆனால் அவர் சண்டை சொல்லிக்கொடுத்தார் என்பதற்குப் பிடிமானமாகக் காட்டப்படும் ‘யீஜின் ஜிங்’ 17-ஆம் நூற்றாண்டில் உருவாகி, அவர் பெயரில் ஏற்றிவிடப்பட்ட நூல். சீன ஆய்வாளர் டாங் ஹாவ் போன ​நூற்றாண்டிலேயே இதைக் காட்டிவிட்டார். உரிமை கொண்டாட வேண்டுமென்றால் இல்லாத பெருமையைவிட, பாதுகாத்த வேலையைக் கொண்டாடலாம்.

செலஸ்டியல் அந்தப் படங்களைச் சுத்தம் செய்து 2002 முதல் டிவிடியாக விட ஆரம்பித்தது. இருபது முப்பது வருடத்துக்குப் பிறகு ஓரங்கள் திரும்பக் கிடைத்தன. குறையும் இருந்தது, சில படங்களில் ஒலியைப் புதுப்பிக்கிறேன் என்று பழைய அடிச்சத்தத்தின் மேல் புதுச்சத்தம் பூசிவிட்டார்கள், ரசிகர்கள் கொதித்தார்கள். 2022-இல் பிரிட்டனின் ஆரோ வீடியோ ‘ஷாஸ்கோப்’ இரண்டாம் தொகுப்பை ப்ளூ-ரேயில் வெளியிட்டது. 14 படங்கள், அதில் 36-ஆம் அறையின் மூன்று பாகங்களும் உண்டு.

நம் பக்கம் திரும்பினால் வயிற்றைப் பிசைகிறது. நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ (1918) இல்லை. முதல் தமிழ் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) இல்லை. ‘கர்ணன்’ 2012-இல் புதுப்பொலிவுடன் திரைக்கு வந்தபோது ஜனம் காசு கொடுத்துப் பார்த்தது, ஆக ஆசை இல்லாமல் இல்லை. ஆனாலும் நம்முடைய பழைய படங்களில் பலவற்றுக்கு, யாரோ டிவியில் பதிவு செய்து இணையத்தில் ஏற்றிய நகல்தான் இன்று கதி. அந்த 43 சதவீதத்தை நமக்கு யாரும் திருப்பித் தரவில்லை. திருட்டு நகலைத் திட்டவும் மனசு வரவில்லை. அது இல்லையென்றால் இந்தப் படம் மாமா வீட்டுக்கு வந்திருக்காது. பூட்டி வைத்தவர்களிடம் முழுப் படம் இருந்தது, பார்க்க ஆளில்லை. எங்களிடம் ஆள் இருந்தது, பாதிப் படம்தான் இருந்தது.

போன வருடம் லண்டனிலிருந்து வந்த நண்பன் அந்தத் தொகுப்பைக் கொண்டுவந்தான். மாமாவுக்குப் போட்டுக் காட்டினேன். இப்போது அறுபத்தெட்டு வயது, பட்டறையை மூடி ஆறு வருடமாகிறது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது; அதே சமயத்தில்தான் மாமாவிடம் கடைசியாக இருந்த பையனும் திருப்பூருக்குக் கிளம்பிப் போனான்.

வாளிக் காட்சியில் ரிமோட்டை வாங்கி நிறுத்தச் சொன்னார். அகலத்திரையின் ஓரத்தைக் காட்டிக் கேட்டார்: “இவன் அன்னைக்கு இல்லயேடா?”

“இருந்தான் மாமா. வெட்டிட்டாய்ங்க.”

படம் முடியும்வரை பேசவில்லை. கடைசியில் மடத்துக்கு வெளியே ஜனங்கள் வரிசையாக நின்று பயிற்சி செய்கிறார்கள். மாமா எழுந்து உள்ளே போனார். பரணில் இருந்து ஒரு சாக்கு இறங்கியது. உள்ளே அரங்கள், ஒரு பிடிகிடுக்கி, பாதியில் நின்றுபோன ஒரு மாங்காய்ப் பூட்டு.

“எத்தன நாள் லீவு உனக்கு?”

“நாலு நாள் மாமா.”

“நாலு நாள்ல அரத்தப் பிடிக்கக்கூட வராது. பரவால்ல, உக்காரு.”

போனை எடுத்து வீடியோ பண்ணட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். “பண்ணு. கையி முழுசா தெரியணும். ஓரத்த வெட்டிப்புடாத.”