புல்வெட்டும் மெஷினில் ரேஸ்... குட்டி இன்ஜினுக்கு எப்படி வேகம் கூட்டுறாங்க?

பைக் ரேஸ், கார் ரேஸ் பார்த்திருப்பீங்க. புல்வெட்டும் மெஷின் மேல உட்கார்ந்து ரேஸ் போறதைப் பார்த்திருக்கீங்களா? இங்கிலாந்துலயும் அமெரிக்காவுலயும் இதுக்குச் சங்கமே இருக்கு மக்களே!

1973-ல் இங்கிலாந்தின் விஸ்பரோ கிரீன் கிராமத்தில் ஆரம்பிச்ச கதை இது. கார் ரேஸுக்கு ஆகும் செலவைப் பார்த்து நொந்துபோன ஜிம் கேவினும் நண்பர்களும், குறைஞ்ச செலவில் என்ன ஓட்டலாம்னு யோசிச்சாங்க. எல்லார் வீட்டுத் தோட்டத்திலும் இருக்கும் புல்வெட்டும் மெஷின்தான் கைகொடுத்தது. ஃபார்முலா ஒன் ஜாம்பவான் ஸ்டிர்லிங் மாஸ்கூட இந்த ரேஸில் ஓட்டியிருக்கார். அமெரிக்காவில் 1992-ல் தனிச் சங்கம் உருவாச்சு.

சரி, மெதுவா நகர்ற மெஷின் எப்படி ரேஸ் வண்டி ஆகுது?

முதல் வேலை பிளேடைக் கழற்றுவது

புல் வெட்டும் பிளேடு இருந்தா களத்துக்குள்ள நுழையவே முடியாது. இது மாறாத விதி.

இன்ஜினைத் தொடாமலே வேகம்

இன்ஜினில் இருந்து சக்கரத்துக்குப் போகும் பெல்ட், புல்லியில் ஓடும். இன்ஜின் பக்கம் பெரிய புல்லி, சக்கரத்துப் பக்கம் சின்னப் புல்லி. இப்படி அளவை மாத்தினாலே, இன்ஜின் அதே வேகத்தில் சுத்தினாலும் வண்டி வேகமா ஓடும். இழுவை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

கவர்னர்னா என்ன?

கடை வாசல்ல ஓடுற சின்ன ஜெனரேட்டரைக் கவனிச்சிருக்கீங்களா? லோடு ஏறினாலும் இறங்கினாலும் இன்ஜின் தானாவே சமாளிச்சு ஒரே வேகத்தில் ஓடும். அந்த வேலையைப் பார்ப்பதுதான் கவர்னர். புல்வெட்டும் இன்ஜின் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 3,600 சுற்றைத் தாண்டாம இதுதான் பார்த்துக்குது.

பவர்ங்கிறது முறுக்குவிசையும் சுற்று வேகமும் சேர்ந்தது. அதனால ரேஸ்காரங்க கை முதல்ல கவர்னர் பக்கம்தான் போகும். அதை எடுத்துட்டா இன்ஜின் இன்னும் வேகமா சுத்தும். ஆனா சிக்கலே அங்கதான்!

இரண்டு மடங்கு வேகம்... நாலு மடங்கு விசை

3,600 சுற்றில் பிஸ்டன் ஒரு செகண்டுக்கு 60 தடவை மேலே போய்க் கீழே வருது. சுற்று வேகம் இரட்டிப்பானா, பிஸ்டனைப் பிடிச்சிருக்கும் கனெக்டிங் ராடில் விழும் இழுவிசை நாலு மடங்காகும். வார்ப்பு அலுமினியத்தில் செஞ்ச சாதாரண ராடு உடைஞ்சா, இன்ஜின் பிளாக்கையே ஓட்டை போட்டு வெளியே வந்துடும்.

ஃப்ளைவீல் இன்னும் ஆபத்து. வார்ப்பில் செஞ்ச ஃப்ளைவீல் அதிக வேகத்தில் வெடிச்சுச் சிதறலாம். ஓட்டுறவரோ சில அடி தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார்.

சரியான வரிசை இதுதான்

* முதலில் பலம்: கெட்டி உலோகக் கட்டியில் இருந்து கடைஞ்சு எடுத்த ராடும் ஃப்ளைவீலும் மாட்டணும்.
* அடுத்து வால்வு ஸ்பிரிங்: வலுவான ஸ்பிரிங் இல்லைன்னா, அதிக வேகத்தில் வால்வு சரியான நேரத்துக்கு மூடாது.
* பிறகு சுவாசம்: பெரிய கார்புரேட்டர், காத்து தாராளமா போற ஏர் ஃபில்டர், வால்வை அதிக நேரம் திறந்துவைக்கும் கேம்ஷாஃப்ட்.
* கம்ப்ரஷன்: சிலிண்டர் ஹெட்டை லேசா சீவி எடுத்தா கூடும். அளவு மீறினா இன்ஜின் தட்டும், பிஸ்டன் ஓட்டையாகும்.
* கவர்னர் கடைசியில்தான்.

பலர் சறுக்குறது இந்த வரிசையைத் தலைகீழாக்கும்போதுதான். கவர்னரைக் கழற்றக் காசு ஆகாது. ராடும் ஃப்ளைவீலும் வாங்கக் காசு ஆகும். காசு ஆகாத வேலையை முதல்ல முடிச்சுட்டு, மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்னு களத்தில் இறங்கினா கதை முடிஞ்சது.

அந்த 'சாதனை' வண்டி?

2019-ல் ஹோண்டாவின் 'மீன் மோவர்' 6.285 விநாடியில் மணிக்கு 160 கி.மீ. வேகத்தைத் தொட்டு கின்னஸில் இடம்பிடிச்சது. அதைப் பார்த்து ஏமாந்துடாதீங்க. உள்ளே இருந்தது 1,000 சிசி ஃபயர்பிளேடு பைக் இன்ஜின்!

ஹெல்மெட், கிளவுஸோட இன்னொண்ணும் முக்கியம் பாஸ். ஓட்டுறவர் உடம்போட கயிறு கட்டி இணைச்ச கில் ஸ்விட்ச். அவர் கீழே விழுந்தா கயிறு இழுபட்டு இன்ஜின் உடனே நின்னுடும். எவ்வளவு பவர் கூட்டினாலும், இதை மாட்டாம இன்ஜினை ஸ்டார்ட் பண்ணவே கூடாது.