தபால் தலையும் கடிதமும்

கு. அழகிரிசாமி தம் சிநேகிதர் கி. ராஜநாராயணனுக்கு எழுதிய கடிதங்களைச் சென்ற மாதம் மறுபடியும் வாசித்தேன். அந்தப் புத்தகத்தை எடுக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வெட்கம் தலைகாட்டும். அதைப் பிற்பாடு சொல்கிறேன்.

இருவருக்கும் சொந்த ஊர் கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவல். கரிசல் காட்டுக் கிராமம். வீட்டில் தெலுங்கு பேசி, வெளியே தமிழில் மூழ்கிய பிள்ளைகள். சேர்ந்து பள்ளிக்கூடம் போனார்கள். சங்கீதப் பித்துப் பிடித்து விளாத்திகுளம் சுவாமிகளைச் சேர்ந்தே நாடினார்கள். ராஜநாராயணனின் படிப்பு பாதியில் நின்றது. அழகிரிசாமி படித்துத் தேறி, சர்க்கார் உத்தியோகம் பார்த்து, அதையும் உதறிவிட்டுச் சென்னைக்குப் பத்திரிகை வேலைக்குப் போனார். 1950-களில் மலாயாவில் 'தமிழ் நேசன்' பத்திரிகையிலும் இருந்தார். ஒருவர் ஊரோடு நிற்க, மற்றவர் தூரதேசம் போக, நடுவில் ஓடியது தபால்தான்.

ஒன்றை நாம் மறந்துவிடுகிறோம். 'ராஜா வந்திருக்கிறார்' கதை வெளிவந்த 1950-ல் அழகிரிசாமி பேர் சொல்லும் எழுத்தாளர். ராஜநாராயணனோ வெறும் சம்சாரி. அவருடைய கதைகள் அச்சேறத் தொடங்கியதே 1950-களின் கடைசியில்தான். பிற்காலத்தில் புத்தகமாகும் என்று எண்ணியா அந்தக் காகிதங்களைக் கட்டி வைத்திருப்பார்? எழுதியவன் சிநேகிதன், அதற்கு மேல் காரணம் தேவைப்பட்டிருக்காது.

1970 ஜூலை 5-ஆம் தேதி அழகிரிசாமி காலமானார். வயது 46. 'அன்பளிப்பு' தொகுதிக்கு சாகித்ய அகாதெமி பரிசு கிடைத்தபோது அதை வாங்க அவர் இல்லை. ராஜநாராயணன் அதற்குப் பின் ஐம்பது வருஷம் வாழ்ந்தார். கடிதங்களை அச்சுக்குக் கொடுத்தார்; 1991-ல் அதே பரிசைத் தாமும் பெற்றார். புதுச்சேரிக்கே குடிவந்து, 2021 மே 17-ல் இங்கேயே கண்ணை மூடினார்.

செலியமேட்டில் பஸ் ஏறினால் அவர் வீட்டுக்குப் போய்ச் சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம். நான் ஒரு தடவைகூடப் போகவில்லை. போயிருந்தால் கடிதங்களைப் பற்றித்தான் பேச்சு வரும். "உமக்கு அப்படி யாரும் எழுதவில்லையா?" என்று அவர் கேட்டுவிட்டால்?

எழுதினான். என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். அவன் பாட்டனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவகம் பண்ணியவர். 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுப் பிரஜையாகவே இருப்போம் என்று எழுதிக் கொடுத்த குடும்பம். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் அவனும் பிரான்சுக்குப் போனான். ஆரம்பத்தில் மாதம் ஒரு கடிதம். பாகூர் ஏரி நிரம்பிற்றா, நாற்று விட்டாயிற்றா, யார் யாருக்குக் கல்யாணம் என்று பக்கம் பக்கமாகக் கேட்டிருப்பான். நான் நாலுக்கு ஒன்று பதில் போட்டேன். அப்புறம் அதுவும் இல்லை. நாற்பது வயது தாண்டுமுன் அங்கேயே இறந்து போனான். செய்தி எனக்கு மூன்று வாரம் கழித்து, பாகூர்க் கடைத்தெருவில் வைத்துத் தெரிந்தது.

எனக்கு இப்போது 46 வயது. அவன் கடிதம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அந்த நாளில் எனக்குத் தபால் தலை சேர்க்கிற பைத்தியம். உறையின் மூலையைக் கத்தரித்துக்கொண்டு மீதியை அடுப்பங்கரைக்குப் போட்டுவிடுவேன். ஆல்பத்தில் பதினேழு தலைகள் இருக்கின்றன. சிலவற்றின் மேல் தபால் முத்திரையில் தேதி பாதி தெரிகிறது.