ஷார்ட் ஸ்னார்ட்டர்

ஒரே விமானத்தில் பிரயாணம் செய்தவர்கள் தங்கள் சிநேகத்தின் ஞாபகார்த்தமாகக் கையொப்பமிட்ட ரூபாய், டாலர் முதலிய காகித நாணயம் இப்பெயரால் வழங்கும். 1920-களில் அலாஸ்காப் பிரதேசத்து விமானிகளிடையே தோன்றியதாகக் கூறப்படும் இவ்வழக்கம், இரண்டாம் உலக யுத்த காலத்தில், சமுத்திரங்களைக் கடந்து சென்ற போர்வீரரிடமும் ராஜதந்திரிகளிடமும் பெரிதும் பரவியது. கேட்டபோது நோட்டை எடுத்துக் காட்ட இயலாதவர், கேட்டவருக்கு ஒரு டாலரோ ஒரு கோப்பை மதுவோ அபராதமாகத் தரவேண்டும் என்பது நியதியாதலால், அது எந்நேரமும் சட்டைப்பையிலேயே இருந்தது. முதல் நோட்டில் இடம் தீர்ந்ததும், சென்ற தேசங்களின் நோட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டுநாடாவால் இணைத்துக்கொண்டே போயினர். சுருளாகச் சுற்றிவைத்த அந்த நீண்ட பட்டையை விரித்தால், ஒரு மனிதன் யுத்தத்தினூடே கடந்துவந்த மார்க்கம் முழுவதும் வரிசையாகப் புலனாகும். 1943-இல் காஸாபிளாங்கா மகாநாட்டுக்குச் சென்ற, அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் ஆலோசகரான ஹாரி ஹாப்கின்ஸின் நோட்டில் ரூஸ்வெல்ட், பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் ஆகியோர் கையெழுத்திட்டுள்ளனர். இத்தகைய பிரசித்தர்களின் பெயர் தாங்கியவற்றையே சேகரிப்போர் பெருவிலை கொடுத்து நாடுகின்றனர். எனினும், சாமானியச் சிப்பாய்களின் பெயரும் ஊரும் தேதியும் நெருங்கிய நோட்டுகளே சரித்திர ஆசிரியனுக்கு மிக்க பிரயோஜனமுடையவை. பழைய ஒட்டுநாடாவின் பசை காகிதத்தைப் பழுப்பேற்றுவது மெய்யே. ஆயினும் இணைப்பைப் பிரித்தால் பிரயாணக் கிரமமே அழிந்துபோகுமாதலின், தேர்ந்த பாதுகாப்பாளரையன்றிப் பிறர் அதில் கைவைத்தல் தகாது.